பானையைப் பார்த்து உண்

வியத்நாமியக் குடும்பம் ஒன்றில் முதன்முறையாக விருந்துண்ண அமரும் ஐரோப்பியனின் கண்கள் முதலில் தேடுவது தன்னுடைய தட்டைத்தான். பாயின் நடுவே வட்டமான தாம்பாளம் ஒன்று வீற்றிருக்கிறது. அவித்த கீரை ஒரு தட்டிலும், சுண்ட வேகவைத்த பன்றி இறைச்சி ஒரு தட்டிலும், முழுதாகப் பொரித்த மீன் ஒரு தட்டிலும், புளிப்பேறிய காய்கறிச் சாறு ஒரு பெரிய பாத்திரத்திலும், எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக மிளகாய்த் துண்டுகள் மிதக்கும் மீன்நீர் ஒரு சிறு கிண்ணத்திலுமாகப் பதார்த்தங்கள் அதன் மேல் நெருங்கி அமர்ந்திருக்கின்றன. ஆனால் இவற்றுள் தன் பங்கு எது, தன் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மட்டும் அவனுக்கு விளங்குவதே இல்லை. அவனுக்கென்று கொடுக்கப்பட்டவை சோறிட்ட ஒரு கிண்ணமும் இரண்டு மூங்கிற் குச்சிகளும்தான். மற்ற யாவும் எல்லோருக்கும் உரியவை, ஆகையால் யாருக்கும் உரியவை அல்ல.

அவன் பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஆறு வயதுச் சிறுவனுக்கோ இந்த மயக்கம் இல்லை. உண்ணும்போது பானையைப் பார்க்க வேண்டும், உட்காரும்போது திசையைப் பார்க்க வேண்டும் என்னும் பழமொழியை, அதன் பொருள் தெரிவதற்கு முன்பே, அவன் நூறு முறை கேட்டிருப்பான். திசையைப் பார்ப்பது என்றால், பெரியவர்கள் எங்கே அமர்கிறார்கள், தன் வயதுக்கும் உறவுமுறைக்கும் உரிய இடம் எது என்று தெரிந்து உட்காருவது. பானையைப் பார்ப்பது என்றால், இன்னும் எவ்வளவு சோறு மீதி இருக்கிறது, இன்னும் எத்தனை பேர் உண்ண வேண்டும் என்ற கணக்கை மனத்துக்குள்ளேயே போட்டுக்கொண்டு, அதற்குத் தக்கபடி இரண்டாம் முறை கிண்ணத்தை நீட்டுவதோ நீட்டாமல் இருப்பதோ. வியத்நாமியரின் போஜன மரியாதைகள் என்று யாத்திரிகர்களுக்கான கைநூல்கள் அடுக்கித் தருகிற விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பார்வையிலிருந்து கிளைத்தவை என்பது என் அபிப்பிராயம்.

மேனாட்டு மேஜையில் பானைக்கு இடமில்லை. அது அடுக்களையிலேயே தங்கிவிடுகிறது. அங்கே ஒவ்வொருவர் முன்னும் ஒரு தட்டு, தட்டின் இருபுறமும் ஆயுதங்களைப் போல அணிவகுத்த கத்தியும் முள்கரண்டியும், மடியில் ஒரு துணி. அந்தத் தட்டின் விளிம்புதான் ராஜ்யத்தின் எல்லை. அயலான் தட்டில் கை நீட்டுவது அத்துமீறல். எட்டி எடுப்பது பண்பின்மை என்பதால் உப்புக் குப்பியைக்கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். முழங்கை மேஜைமேல் படியலாகாது. சாறு குடிக்கும் ஓசை வெளியே கேட்கலாகாது. என் உடம்பும் என் ஓசையும் என் பசியும் அடுத்தவர் எல்லைக்குள் புகாமல் பார்த்துக்கொள்வதே அங்கே நாகரிகம். வியத்நாமியத் தாம்பாளத்தில் அப்படிப்பட்ட எல்லைக்கோடு எதுவும் வரையப்படவில்லை. ஆகவே அங்கே நாகரிகம் வேலிக்குப் பதிலாகக் கண்ணை நம்பியிருக்கிறது.

இதைக் கீழ்த்திசையின் சுபாவம் என்றும் மேற்றிசையின் சுபாவம் என்றும் பிரித்துப் பேசிவிடுவது எளிது. ஆனால் சரித்திரம் அதற்கு இடங்கொடுப்பதில்லை. 1530ஆம் ஆண்டில் சிறுவர்களின் நன்னடத்தையைப் பற்றி எராஸ்மஸ் லத்தீன் மொழியில் ஒரு சிறு நூல் எழுதியபோது, ஐரோப்பாவும் பொதுப் பாத்திரத்திலிருந்துதான் கையால் எடுத்து உண்டுகொண்டிருந்தது. உட்கார்ந்ததும் முதல் ஆளாகப் பாத்திரத்தில் கைவிடாதே, நல்ல துண்டு வேண்டுமென்று உணவைக் கிளறாதே என்றெல்லாம் அவர் சொல்லும் புத்திமதிகளை ஒரு ஹனோய் நகரத்துப் பாட்டி கேட்டால், தம் சொற்களை யாரோ திருடிவிட்டதாகவே எண்ணுவார். தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேய யாத்திரிகர் இத்தாலியர்கள் முள்கரண்டியால் உண்ணும் விந்தையை 1611இல் அச்சிட்டுச் சொன்னபோது, அவருடைய தேசத்தார் அவரையும் அவர் கொண்டுவந்த கருவியையும் சேர்த்தே பரிகசித்தார்கள். பிரான்சில் கூர்முனைக் கத்திகளை மேஜையிலிருந்து அகற்றப் பதினான்காம் லூயி 1669இல் கட்டளையிட வேண்டியிருந்தது. எல்லாப் பதார்த்தங்களையும் ஒரே சமயத்தில் மேஜைமேல் பரப்பும் பழைய பிரெஞ்சு வழக்கம் போய், ஒன்றன்பின் ஒன்றாக, ஆளுக்கு ஒரு பங்காகக் கொண்டுவந்து வைக்கும் ருஷ்ய முறை பாரிசுக்கு வந்தது, தூதர் குராகின் இளவரசரின் விருந்துகள் வாயிலாக, 1810 வாக்கில் என்பார்கள். ஆக, இன்று மேனாட்டு மரியாதை என்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி சில நூற்றாண்டுப் பழக்கமே. பாத்திரம் பிரிந்த பிறகு பிறந்த மரியாதை அது.

கத்தி எங்கே இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வியத்நாமில் கத்தி அடுக்களையை விட்டு வெளியே வருவதில்லை. வெட்டுவது, நறுக்குவது, எலும்போடு துணிப்பது எல்லாம் சமைப்பவரின் வேலை. பந்திக்கு வரும்போது ஒவ்வொரு துண்டும் குச்சிக்குள் அடங்கும் அளவில், வாய்க்குத் தயாராக வந்துவிடுகிறது. மேனாட்டிலோ வறுத்த மாமிசத்தை அறுக்கும் கடைசிப் பிரயாசை உண்பவன் தலையில் விழுகிறது. அதற்கு ஈடாக வேறொரு சுதந்திரத்தை வியத்நாமியச் சமையற்காரர் உண்பவரிடம் விட்டுவிடுகிறார்: சுவையை முடித்து வைக்கும் சுதந்திரம். உயர்ந்த பிரெஞ்சு உணவகத்தில் தட்டு வந்த பிறகு உப்புக் கேட்பது சமையற்காரரின் கௌரவத்தின்மேல் கைவைப்பது. ஹனோயில் ஃபோ என்னும் நூடுல்ஸ் சாற்றுக் கிண்ணம் வந்தவுடன் எலுமிச்சையைப் பிழிவதும், மிளகாயை இடுவதும் உண்பவரின் பாத்தியதை. தெற்கே போனால் பச்சிலைகளைக் கிள்ளிப் போடவும், அரிசித் தாளில் மீனையும் இலையையும் வைத்துத் தாமே சுருட்டி மீன்நீரில் தோய்க்கவும் வேண்டும். சமையல் பாதி அங்கேதான் நடக்கிறது.

இனி, சாப்பாடு தொடங்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். விஷயத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் நல்ல பசி உண்டாகட்டும் என்று எல்லோரையும் பார்த்து ஒரு முறை வாழ்த்திவிட்டுக் கரண்டியை எடுத்துவிடுவார். வட வியத்நாமில் அப்படி ஒட்டுமொத்தமாக முடித்துவிட முடியாது. ‘தாத்தா சோறுண்ண வேண்டும், பாட்டி சோறுண்ண வேண்டும், அப்பா சோறுண்ண வேண்டும், அம்மா சோறுண்ண வேண்டும், அண்ணன் சோறுண்ண வேண்டும்’ என்று, இருப்பவர்களுள் இளையவர் மூத்தவர் ஒவ்வொருவரையும் முறைசொல்லி, வரிசை தவறாமல் அழைக்க வேண்டும். பெரியவர்கள் உண்பதைக் குறிக்க ‘சோய்’ என்று தனி மரியாதைச் சொல்லே உண்டு. இந்த அழைப்புக்கு அவர்கள் மொழியில் ‘மோய்’ என்று பெயர். (நம் கல்யாண வீட்டு மொய்க்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது, காதுக்கு மட்டும் உறவு.) பத்துப் பேர் கூடிய குடும்பத்தில் கடைக்குட்டியின் பாடு பரிதாபந்தான், அவன் ஜாபிதா முடிவதற்குள் சாறு ஆறிவிடும். தென்னாட்டார் இந்த விஷயத்தில் தாராளக்காரர்கள். சைகோன் பக்கத்து வீடுகளில் ஒரு வார்த்தையோடு அழைப்பு முடிந்துவிடும், வடக்கத்தியார் அதைக் கண்டு முகஞ்சுளிப்பதும் உண்டு. ஒரு தேசத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பேதங்களை மறக்கலாகாது. எல்லாரையும் ஒரே மாதிரி என்று பேசுகிறவனைக் குறிக்க, குச்சிகளையெல்லாம் ஒரே கைப்பிடியில் அள்ளுகிறவன் என்று அவர்களே ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள்; நானும் அந்தக் குற்றத்துக்கு ஆளாகாமல் இருக்க வேண்டுமல்லவா?

அழைப்பு முடிந்து குச்சிகள் எழும்பியதும் ஐரோப்பிய விருந்தாளிக்கு அடுத்த அதிர்ச்சி காத்திருக்கிறது. வீட்டு அம்மாள் தம் குச்சிகளைத் தலைகீழாகத் திருப்பி, வாயில் படாத முனையால் மீனின் சிறந்த பகுதியை எடுத்து, கேளாமலே அவன் கிண்ணத்தில் வைக்கிறாள். எல்லை மீறப்பட்டுவிட்டது! ஆனால் அவன் அத்துமீறல் என்று கருதுவது அங்கே உபசாரத்தின் உச்சம். பொதுத் தட்டிலிருந்து எடுத்ததை நேரே வாய்க்குக் கொண்டுபோகாமல் முதலில் தன் கிண்ணத்தில் இறக்கி, பிறகு கிண்ணத்தைக் கையில் ஏந்தி வாயருகே கொண்டுசென்று உண்ண வேண்டும். கிண்ணத்தைக் கீழே வைத்துத் தலையைக் குனிந்து தின்பது பார்க்க அழகன்று. ஆங்கிலேயன் தட்டைக் கையில் தூக்கினால் தாயார் அதட்டுவாள். வியத்நாமியப் பிள்ளை கிண்ணத்தைத் தூக்காவிட்டால் தாயார் அதட்டுவாள். கூச்சப்பட்டுக் கை நீட்டாமல் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து, ‘விருந்தாளித்தனம் பண்ணாதீர்கள்’ என்று செல்லமாகக் கடிந்துகொள்வதும் வழக்கம். ஆனால் அந்த வார்த்தையை அப்படியே நம்பி, தட்டைக் காலி செய்துவிட்டவனைப் பற்றி அவன் போன பிறகு என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சில விலக்குகள் மரணத்தை ஒட்டியவை. சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைத்தால் வீடே பதறும். இறந்தவர் முன் வைக்கும் கிண்ணத்தில்தான் சோற்றைக் குவித்து, அவித்த முட்டையை வைத்து, குச்சிகளை அப்படி நடுவார்கள். ஒரே அகப்பைச் சோற்றோடு கிண்ணத்தைக் கொடுப்பதும் அதே காரணத்தால் ஆகாது. கொஞ்சமாக இருந்தாலும் இரண்டு முறையாக இடுவார்கள். கிண்ணத்தைக் குச்சியால் தட்டினால் பசித்த பேய்கள் வரும். கடலோரத்தில், ஒரு பக்கம் தின்ற மீனைப் புரட்டிப்போட மாட்டார்கள். புரட்டினால் படகு கவிழும் என்ற அச்சம். முன்னோர் திதியன்று சமைத்த விருந்து முதலில் பூஜை மாடத்துக்குப் போய், ஊதுவத்தி எரிந்து தணிந்த பிறகே இறக்கப்பட்டுப் பிரசாதமாகத் தாம்பாளத்துக்கு வரும். அந்தப் பானையின் கணக்கில் இறந்தவர்களும் பங்காளிகள்.

நடுவில் வீற்றிருக்கும் மீன்நீரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘நுவொக் மாம்’ என்று பெயர். நெத்திலி வகை மீனையும் உப்பையும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் பெரிய மரத்தொட்டியில் இட்டு ஓராண்டு போல ஊறவைத்து வடித்த சாரம். ஃபூ குவொக் தீவின் சரக்குக்கு, ஷாம்பேன் மதுவுக்கு இருப்பதைப் போன்ற பிரதேசப் பெயர்க் காப்புரிமையை ஐரோப்பிய ஒன்றியமே 2012இல் வழங்கிற்று. அந்த ஒரு கிண்ணத்தில் எல்லோரும் தோய்ப்பதுதான் குடும்ப ஒற்றுமையின் அடையாளம் என்று எழுதியவர்கள் பலர். சுகாதார சாஸ்திரம் கற்றவர்கள் அதை ஒப்புவதில்லை; கோவிட் தொற்றுக்குப் பிறகு நகரத்துக் குடும்பங்களில் ஆளுக்கொரு சிறு கிண்ணம் வைப்பதும், பொதுத் தட்டுக்குத் தனிக் கரண்டி போடுவதும் பரவியிருக்கின்றன. ஒற்றுமைக்காக வயிற்றுப் புண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன்.

பகிர்ந்துண்ணும் வழக்கத்தைப் போற்றுகிற ஆர்வத்தில் அதன் மறுபக்கத்தை மூடிவிடக் கூடாது. பழைய வட வியத்நாமியக் கிராமங்களில் ஊர்ச் சாவடியில் நடந்த விருந்து என்பது அந்தஸ்தின் தராசாக இருந்தது. யார் எந்தப் பாயில் அமர்வது, பன்றித் தலை யார் வீட்டுக்குப் போவது என்பவற்றில் வழக்கும் வைரமும் விளைந்தன. அடுக்களை மூலையில் ஒரு முறம் நிறையத் தின்பதைவிட ஊர் நடுவே கிடைக்கும் ஒரு துண்டு பெரிது என்று பழமொழியே இருந்தது. ஙோ தத் தோ என்ற எழுத்தாளர் 1940இல் எழுதிய கிராம விவரணங்களில், ஊர் ஏவலாள் ஒருவன் ஒரே ஒரு கோழியை இருபதுக்கும் மேற்பட்ட பந்திகளுக்குக் குறைவராமல் துணித்து வைக்கும் கைவேலையை வியந்தும் நகைத்தும் சித்திரித்திருக்கிறார். பெண்களுக்கு அந்தச் சாவடியில் இடமில்லை. ஆண்கள் தம் பங்கில் கொஞ்சத்தை இலையில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் உண்டு. வீட்டிலும் பல குடும்பங்களில் ஆண்களுக்கு ஒரு தாம்பாளம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கீழே ஒரு தாம்பாளம். ஆண் புலியைப் போல உண்ண வேண்டும், பெண் பூனையைப் போல உண்ண வேண்டும் என்ற உபதேசம் வேறு. பானைக்கு அருகில் உட்காருவது மருமகளின் கடமை. எல்லோர் கிண்ணத்தையும் நிரப்பிவிட்டு, இடையிடையே தான் இரண்டு கவளம் உண்ண வேண்டியவள் அவள். மேனாட்டுத் தட்டு எத்தனை தனிமையானதாயினும், அதில் அவளுக்கும் ஒரு முழுப் பங்கு விழுந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

பானையைப் பார்க்கும் பழக்கம் வெறும் ஆசாரத்தால் மட்டும் வேரூன்றவில்லை. ஜப்பானிய ஆக்கிரமிப்பின் கடைசிக் காலத்தில், 1944ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 1945லும், வட வியத்நாமில் பரவிய பஞ்சத்தில் மாண்டவர்கள் பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரை இருக்கலாம் என்று சரித்திரக்காரர்கள் மதிப்பிடுகிறார்கள். 1945 செப்டம்பரில் புதிய குடியரசின் தலைவரான ஹோ சி மின், பத்து நாட்களுக்கு ஒரு வேளை பட்டினி கிடந்து அந்த அரிசியை ஏழைகளுக்குக் கொடுக்கும்படி ஜனங்களை வேண்டிக்கொண்டார். பிறகு யுத்தங்கள், யுத்தம் முடிந்தபின் பங்கீட்டுக் காலம். 1986இல் பொருளாதாரக் கொள்கை மாறும் வரையில் அரிசி அட்டைதான் குடும்பத்தின் ஜீவநாடி; வாடிய முகத்தை அரிசி அட்டையைத் தொலைத்தவன் முகம் என்று இன்றும் சொல்கிறார்கள். மரவள்ளிக் கிழங்கையும் வேறு தானியத்தையும் கலந்து பொங்கிய அந்தச் சோற்றில், அரிசியாக இருந்த பகுதியைத் தாய்மார்கள் யார் கிண்ணத்துக்கு ஒதுக்கினார்கள் என்பதை அக்காலப் பிள்ளைகள் மறக்கவில்லை. அப்படி வளர்ந்த ஒருவர் தம் கிண்ணத்தில் ஒரு பருக்கையும் மிஞ்சவிடாமல் வழித்து உண்பதைக் கண்டு, அநாகரிகம் என்று நினைக்கும் அயலாருக்கு என்ன பதில் சொல்வது?

வீட்டுக்கு வெளியே இத்தனை கெடுபிடி இல்லை. நடைபாதையில் முழங்கால் உயரமுள்ள பிளாஸ்டிக் முக்காலிகள். அவற்றில் குந்தியபடி வேலைக்காரரும் அதிகாரியும் ஒரே சாற்றை உறிஞ்சுகிறார்கள். 2016 மே மாதம் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா, சமையற்கலை எழுத்தாளர் ஆன்தனி போர்டேனுடன் ஹனோய்க் கடை ஒன்றில் அப்படிப்பட்ட முக்காலியில் அமர்ந்து, சுட்ட பன்றி இறைச்சியோடு சேரும் ‘புன் சா’ என்னும் அரிசி நூடுல்ஸைக் குச்சியால் உண்டு, பீரைப் புட்டியோடு குடித்தார். இருவருக்குமான செலவு ஆறே டாலர் என்று போர்டேன் பிறகு தெரிவித்தார். கடைக்காரர் அந்த மேஜையைக் கண்ணாடிக் கூட்டுக்குள் அடைத்து வைத்துவிட்டார். நாலு பேர் கூடி உண்ண வேண்டிய மேஜையில் இப்போது யாரும் உண்பதற்கில்லை.

மதுவிலும் அந்தக் கூட்டுப் புத்தி தொடர்கிறது. மேனாட்டான் தன் கோப்பையைத் தன் இஷ்டப்படி உறிஞ்சுவான். வியத்நாமியப் பந்தியில் ஒருவர் மட்டும் தனியே குடிப்பது அழகன்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று கூவி எல்லோரும் சேர்ந்தே உயர்த்த வேண்டும். பணம் கொடுப்பது அழைத்தவரின் அல்லது மூத்தவரின் பொறுப்பு. அவரவர் பங்கை அவரவர் கொடுக்கும் இளைஞர் வழக்கத்துக்குக் ‘கம்புசியா’ என்று கேலிப் பெயர் வைத்திருக்கிறார்கள். அயல்நாடான கம்போடியாவின் பெயரில் ‘சியா’ என்பது அவர்கள் மொழியில் ‘பங்கிடு’ என்று பொருள்படுவதால் வந்த சிலேடை. ஆங்கிலேயரும் இதே காரியத்தை டச்சுக்காரர் வழக்கம் என்றுதான் சொல்கிறார்கள். சில்லறை எண்ணிக் கொடுக்கும் வெட்கத்தை அண்டை வீட்டுக்காரன் தலையில் கட்டுவதில் மட்டும் கிழக்கும் மேற்கும் ஒன்றுபட்டிருக்கின்றன.

மற்றோர் இடத்திலும் இரண்டும் சந்திக்கின்றன. அங்கே நமக்கும் ஒரு பங்கு உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1859இல் சைகோனைப் பிடித்தபின், அவர்கள் ஆட்சியின் நிழலில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் உத்தியோகங்களுக்கும், நாட்டுக்கோட்டை நகரத்தார் லேவாதேவிக்கும் அங்கே சென்றார்கள். சைகோனின் பென் தான் சந்தைக்கு அருகில் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது, வியத்நாமியர்களே அங்கு வந்து வணங்குகிறார்கள். தென் வியத்நாமில் திதி நாட்களிலும் விசேஷங்களிலும் ‘கா ரீ’ என்ற பெயரோடு வைக்கப்படும் கோழிக் குழம்பு நம் ‘கறி’ என்ற சொல்லின் வழியே வந்ததுதான். எலுமிச்சைப் புல்லும் தேங்காய்ப் பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்ந்து அது நம்முடையதாகத் தோன்றாத அளவுக்கு மாறிவிட்டது. அதற்குத் துணையாக வருவது பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற நீள ரொட்டி. குச்சியும் வேண்டாம், முள்கரண்டியும் வேண்டாம். ரொட்டியைக் கையால் பிய்த்துக் குழம்பில் தோய்த்து உண்பார்கள்.

இப்போது பெரும்பாலான வீடுகளில் பானை மின்சாரப் பானையாகிவிட்டது. மூடியைத் திறந்தால்தான் மீதி தெரியும் என்பதால் பார்வையால் கணக்கிடும் பழைய வித்தைக்குக் கொஞ்சம் இடைஞ்சல். மூடியை அடிக்கடி திறப்பவனைப் பார்த்துப் பாட்டிமார் முணுமுணுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இன்னொரு நஷ்டமும் உண்டு. வைக்கோல் நெருப்பில் வார்ப்புப் பானையில் பொங்கிய காலத்தில் அடியில் பொன்னிறமாக ஒட்டிய காந்தல், பானைக்கு அருகில் இருந்து எல்லோருக்கும் இட்டு முடித்தவள் கடைசியில் சுரண்டி எடுப்பது. குழந்தைகள் அதற்காகவே அவளைச் சுற்றி நிற்பார்கள். மின்சாரப் பானையில் காந்தல் விழுவதில்லை. ஹனோய்க்குத் தெற்கே நிங் பின் என்னும் ஊரில் அந்தக் காந்தலையே தனியாகப் பொரித்துப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.